இரண்டு ஆண்டு தள்ளிப்போன ஜெர்மனிப் படிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். குடும்பத்தின் சொந்த ஊர், மருத்துவமனை, வேலை பார்த்த நிறுவனம் எதற்கும் பெயர் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எடுத்த முடிவுகளும் அவற்றின் வரிசையும் நடந்தபடியே இருக்கின்றன.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவதோடு, வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் சிலர், கையில் அட்மிஷன் கடிதத்தை வைத்துக்கொண்டே, "வீட்டுல சூழ்நிலை சரியில்ல சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த அடுத்த வருடம் வருவதே இல்லை. யாரும் அவர்களைப் போகாதே என்று தடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் படிப்பு நின்றுபோயிருக்கும். இந்த மாணவி இரண்டு முறை தள்ளிவைத்தும் போய்ச் சேர்ந்தார். அது எப்படி முடிந்தது என்பதைப் பதிவு செய்வதுதான் நோக்கம்.

பின்னணி

மாணவி திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஹார்டுவேர் கடை. மோட்டார், பைப், வால்வு வியாபாரம். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு தம்பி, அப்போது பிளஸ் டூ தொடங்கியிருந்தான். அப்பாவைப் பெற்ற பாட்டியும் உடன் இருந்தார்.

2022இல் இயந்திரவியல் பொறியியல் முடித்து, கோவையில் ஒரு பம்ப் உற்பத்தி நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மனியில் ஆற்றல் பொறியியல் முதுகலை படிக்க வேண்டும் என்பது மூன்றாம் ஆண்டிலேயே எடுத்த முடிவு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்பது முக்கியமான காரணம். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயமாகிவிட்டதால், 18,000 ரூபாய் கட்டி அதை வாங்கினார். 2023 ஜனவரியில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினார். மே மாத முடிவில் இரண்டு இடங்களில் அட்மிஷன் கிடைத்தது. ஒன்று முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மற்றொன்று வட ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம். வகுப்புகள் அக்டோபரில் தொடங்கும்.

விசாவுக்கு முன்னால் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். அப்போது அது 11,208 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். வீட்டில் ஆறு லட்சம் வைப்புநிதி இருந்தது. மீதிக்கு அப்பாவை இணை விண்ணப்பதாரராகக் காட்டி வங்கியில் கல்விக் கடன் கேட்டிருந்தார்கள்.

2023 ஜூன்: தெரியவந்தது

அப்பாவுக்குப் பதினாலு வருடமாகச் சர்க்கரை. ஜூன் இரண்டாம் வாரத்தில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் பார்த்தபோது கிரியாட்டினின் 6.8. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய இரத்தக் கழிவு அது, சிறுநீரகம் கெடக் கெட அந்த எண் ஏறும். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன.

குடும்பத்தை அதிகம் உலுக்கியது அடுத்து வந்த செய்தி. முந்தைய நவம்பரிலேயே கிரியாட்டினின் 3க்கு மேல் போயிருந்தது அப்பாவுக்குத் தெரியும். அந்த ரிப்போர்ட்டைக் கடை மேசை இழுப்பறையில் பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் வைத்திருந்தார். பின்னாளில் என்னிடம் அவரே சொன்னார்: "அதைப் பாத்துட்டா அவ போகமாட்டா சார். அவ விமானம் ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

ஜூலையில் கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் ஆரம்பமானது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். இடது முன்கையில் ஃபிஸ்டுலா அறுவை செய்தார்கள், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்தார்கள். அது பயன்படுத்தும் அளவுக்குத் தேற ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்.

வீட்டில் கவனித்தவை

மாணவி வேலையில் விடுப்பு போட்டு ஊருக்கு வந்தார். ஜூலை நடுவில் என்னிடம் போனில் பேசியபோது, படிப்பை விட்டுவிடுவதாகவே சொன்னார். தள்ளிவைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நேரில் வரட்டுமா என்று கேட்டேன், அப்பாவும் வரச்சொன்னார்.

நான் போன அன்று டயாலிசிஸ் இல்லாத நாள். சமையலறை மேடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் பால்பாயிண்ட் பேனாவால் கோடுகள் போட்டிருந்தார் அம்மா. அன்று முழுவதும் அப்பா குடிக்கலாம் என்று சொன்ன அளவு அது. காபி கொடுத்தால் பாட்டிலிலிருந்து அதே அளவு தண்ணீரை ஊற்றிவிடுவார். ரசம் ஊற்றினாலும் அப்படியே. காய்களைத் தோல் சீவி, நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார். வாழைப்பழமும் இளநீரும் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. உணவு, மருந்து, துணி, பாட்டிலில் கோடு என எல்லாவற்றையும் அந்த அம்மா யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் மருத்துவமனைக் கவுண்டர் என்றால் அவருக்கு நடுக்கம். காப்பீட்டுப் படிவம், ஆங்கில ரிப்போர்ட், ஆன்லைன் முன்பதிவு என்று வந்தால் மகளைத்தான் பார்ப்பார்.

எல்லோரும் "அப்பாவுக்காக இருக்கணும்" என்றார்கள். ஒவ்வொருவர் மனதிலும் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. தனித்தனியாகப் பேசியபோதுதான் அது வெளியே வந்தது. அம்மாவுக்கு, தனியாக மருத்துவமனையைச் சமாளிக்க முடியாது என்ற பயம். பாட்டிக்கு, கல்யாணமாகாத பெண் கடல் கடந்து இருக்கும்போது மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். தம்பிக்கு, அக்கா போனால் பிளஸ் டூவை விட்டுவிட்டுக் கடையில் உட்கார வேண்டியிருக்குமோ என்ற பயம். அப்பாவுக்கு, தன்னால் மகள் படிப்பு கெட்டது என்ற பழி வந்துவிடும் என்ற பயம்.

மாணவி கடைசியாகத்தான் தன் காரணத்தைச் சொன்னார். சிறுநீரகம் தரப்போவது தான்தான் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்திருந்தார். அம்மாவின் உடம்பு தாங்காது என்று நினைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஜெர்மனிக்குப் போகாததன் உண்மையான காரணம் அதுவாகத்தான் இருந்தது.

முதல் முடிவு

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்மாமன் வந்தார். அவர் அரசுப் பள்ளி ஆசிரியர், எதையும் தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த வீட்டில் இப்போது நடக்க வேண்டிய வேலைகளில் எதற்கெல்லாம் இவள் மட்டுமே வேண்டும்?

பட்டியல் போட்டபோது பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. கடையை, அப்பாவிடம் பத்து வருடமாக வேலை பார்க்கும் பையனை நம்பிப் பாதி நேரம் விடலாம். டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஊரில் ஆட்டோ இருக்கிறது. பணத்துக்கு, தனியார் மருத்துவமனையை விட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். குடும்பத்திடம் அட்டை இருந்தது, டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவையும் அதில் அடங்கும். மாற்று அறுவைக்கான அலைச்சலும், அறுவைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களும்தான் மிஞ்சின. அதற்கு மருத்துவரோடு பேசத் தெரிந்த, ரிப்போர்ட் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் வேண்டும். அன்றைய நிலையில் அது மாணவிதான்.

ஆகவே 2023 அக்டோபரில் போவதில்லை என்று முடிவானது. இது சரியான முடிவு என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாமா அதோடு விடவில்லை. எப்போது போவது என்பதையும் எழுத வைத்தார். மூன்று வரி:

மாற்று அறுவை 2024 மே முடிவதற்குள் நடந்தால் அந்த அக்டோபரில் போவது. அதற்குப் பிறகு நடந்தால் 2025 அக்டோபர். 2025இல் அறுவையே நடக்காமல், அப்பா டயாலிசிஸில் இருந்தாலும் போவது.

மூன்றாவது வரியை எழுத மாணவி மறுத்தார். அம்மா அழுதார். அப்பா பேனாவை வாங்கித் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்கள். படிப்பைக் காப்பாற்றியது இந்த மூன்றாவது வரிதான் என்பது என் கணிப்பு. முதல் இரண்டு வரிகள் நோயின் கையில் இருந்தன. இந்த ஒன்றுதான் குடும்பத்தின் கையில் இருந்தது.

அட்மிஷன் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் கேட்டால் ஒரு வருடம் தள்ளிவைத்துத் தரும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. அந்தப் பருவத்துக்குச் சேராவிட்டால் கடிதம் காலாவதி, அடுத்த முறை புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரிந்தே இரண்டு இடங்களுக்கும் வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினார்.

காத்திருந்த காலம்

கோவை நிறுவனம் அவரை வாரம் ஒரு நாள் மட்டும் நேரில் வரச்சொல்லி, மற்ற நாட்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டது. டயாலிசிஸ் நாட்களில் மருத்துவமனை வராந்தாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். வேலை இல்லாத நேரத்தில் ஜெர்மன் படித்தார். 2023 முடிவதற்குள் ஏ1 என்ற முதல் நிலை, அடுத்த கோடையில் ஏ2.

சிறுநீரகம் யார் தருவது என்பது அந்த அக்டோபரில் பேச்சுக்கு வந்தது. அம்மாவைப் பரிசோதித்ததில் அவருக்கும் சர்க்கரை இருப்பது முதல்முறையாகத் தெரிந்தது. அவர் தர முடியாது. மாணவி தான் தருவதாகச் சொன்னார், இரத்த வகையும் பொருந்தியது. அப்பா, "அவகிட்ட வாங்கித்தான் நான் இருக்கணும்னா எனக்கு வேண்டாம்" என்று பேச்சை முடித்துவிட்டார். சிறுநீரக மருத்துவர் மாணவியைத் தனியே அழைத்துப் பேசினார். தருகிறவரிடம் குடும்பம் இல்லாத இடத்தில் கேட்பதுதான் முறை. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை இருக்கும்போது, 23 வயதில் ஒரு சிறுநீரகத்தோடு இன்னும் ஐம்பது வருடம் போவது நல்லதல்ல, வயதில் மூத்த ஒருவர் கிடைத்தால் அதுதான் சரி என்று அவர் சொன்னார். மாணவி மாதக்கணக்கில் சுமந்த ஒன்று அந்த அறையில் இறங்கியது. அன்று என்னிடம் பேசியபோது, நிம்மதியாக இருப்பதே குற்றமாகத் தோன்றுகிறது என்றார்.

ஒரு தூரத்துச் சொந்தக்காரர், காசு கொடுத்தால் ஆள் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாமா அவரை அங்கேயே நிறுத்தினார். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி அது குற்றம், ஐந்து முதல் பத்து வருடம் வரை சிறை உண்டு. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் பதிந்தார்கள். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து சிறுநீரகம் கிடைக்க வருடக்கணக்கில் ஆகலாம் என்று சொல்லித்தான் பதிந்தார்கள்.

2024 ஜனவரியில் அப்பாவின் அக்கா, 54 வயது, தானே முன்வந்தார். கணவர் இறந்தபின் தன் பிள்ளைகளைப் படிக்கவைத்தது இந்தத் தம்பி என்பது அவர் கணக்கு. எல்லாப் பரிசோதனையும் பொருந்தியது. உடன்பிறந்தவர் சட்டப்படி நெருங்கிய உறவு என்பதால் மாநில அளவிலான அனுமதிக் குழுவுக்குப் போக வேண்டியதில்லை, ஆனால் உறவை நிரூபிக்க வேண்டும். இங்கேதான் இழுத்தது. அத்தையின் பள்ளிச் சான்றிதழில் தாத்தா பெயர் ஒரு விதமாகவும், அப்பாவின் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தது. இனிஷியலும் வேறு. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் அலுவலகம் என்று அலைந்து ஒரே குடும்பம் என்று சான்று வாங்குவதற்குள் ஏப்ரல் ஓடிவிட்டது.

இரண்டாவது தள்ளிவைப்பு

இதற்கிடையில் மாணவி மறுபடி விண்ணப்பித்திருந்தார். முனிக் இந்த முறை பட்டியலில் இல்லை. 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தது, முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. முந்தைய வருடம் போயிருந்தால் அது அவருக்கு வந்திருக்காது. தள்ளிவைப்பதன் விலை இப்படி யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்தும் வரும்.

வட ஜெர்மனிப் பல்கலைக்கழகம் 2024 மே மாதம் மறுபடியும் இடம் கொடுத்தது. அறுவைக்குத் தேதி ஜூலையில்தான் கிடைத்தது. பீரோக் கதவில் இருந்த தாளின்படி இது 2025க்குப் போகிறது. இந்த முறை போகச் சொன்னவர் அப்பா. அறுவைதான் நடக்கப்போகிறதே, அக்டோபருக்குள் சரியாகிவிடும் என்றார். மாணவி தாளைக் காட்டினார். எழுதிய ஒன்றை இரண்டு பக்கமும் மதிக்க வேண்டும், போகக்கூடாத நேரத்துக்கும் அது பொருந்தும் என்பது அவர் வாதம்.

ஜூலையில் மதுரையில் அறுவை நடந்தது. மூன்றாவது வாரம் கிரியாட்டினின் 1.2இலிருந்து 1.9க்கு ஏறியது. ரிப்போர்ட் இரவு எட்டரைக்குப் போனில் வந்தது, மாணவி அப்போதே மருத்துவரைக் கூப்பிட்டார். மறுநாள் காலை அனுமதித்து, உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்க மறுப்பதை அடக்கும் ஸ்டீராய்டு ஊசிகள் போட்டார்கள். பத்து நாளில் எண் இறங்கியது. அவர் இல்லாவிட்டாலும் மருத்துவமனை மறுநாள் கண்டுபிடித்திருக்கும், இதை மிகைப்படுத்த வேண்டாம். ஆனாலும் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒன்றிரண்டு இரத்தப் பரிசோதனையும், ஒவ்வொன்றுக்குப் பிறகும் மருந்தளவு மாற்றமும் இருந்த அந்த வீட்டில் அப்போது ஒருவர் தேவைப்பட்டார் என்பது உண்மை.

ஒத்திகை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2025 ஜனவரியில் மாணவி வேண்டுமென்றே வீட்டை விட்டுக் கிளம்பிக் கோவை விடுதிக்குப் போனார். மூன்று மாதம் ஊருக்கு வருவதில்லை, எல்லாம் போனில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். தான் ஜெர்மனியில் இருந்தால் வீடு எப்படி நடக்கும் என்று மூன்று மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருந்து பார்ப்பது யோசனை.

ஓட்டைகள் உடனே தெரிந்தன. ஆய்வகத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி இன்னும் மாணவியின் எண்ணுக்கே வந்தது. திண்டுக்கல்லில் கல்லூரி முதலாண்டில் இருந்த தம்பி, பழைய ரிப்போர்ட் கோப்பை எடுக்காமல் மதுரைக்குப் போய்விட்டான். காலை எட்டு, இரவு எட்டு என்று பன்னிரண்டு மணி இடைவெளியில் போட வேண்டிய மாத்திரையை, ஒரு கல்யாண வீட்டில் அப்பா பத்தரைக்குப் போட்டார். ஒவ்வொன்றையும் சரிசெய்தார்கள். எண்ணைத் தம்பிக்கு மாற்றினார்கள். அம்மா ரிப்போர்ட்டில் மூன்று இடங்களை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டார். மார்ச்சில் ஒருமுறை அம்மா தனியாகவே காப்பீட்டுக் கவுண்டருக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். அன்று மாலை மகளைக் கூப்பிட்டு, "நீ இல்லாமயே ஆயிடுச்சு" என்றாராம். மாணவிக்கு அதைக் கேட்டபோது சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

புறப்பாடும் அதன் பிறகும்

ஏபிஎஸ் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, அது அப்படியே உதவியது. ஐஇஎல்டிஎஸ் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் பிப்ரவரியில் திரும்ப எழுதினார். முடக்கக் கணக்குத் தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோவாகிவிட்டது. யூரோவும் நூறு ரூபாயைத் தொட்டிருந்ததால் பன்னிரண்டு லட்சம் தேவைப்பட்டது. வைப்புநிதியில் இரண்டு லட்சம்தான் மிச்சம். அப்பாவின் வருமானம் குறைந்துபோனதால் வங்கி அவரை இணை விண்ணப்பதாரராக ஏற்கத் தயங்கியது, மாமா கையெழுத்துப் போட்டார். ஏழரை லட்சத்துக்கு மேல் என்பதால் வீட்டுப் பத்திரமும் போனது.

தாமதத்தில் கிடைத்ததும் உண்டு. ஜெர்மன் மொழியில் ஏ2க்கு அடுத்த பி1 நிலை வரை முடித்திருந்தார். மூன்று வருட வேலை அனுபவம் சேர்ந்தது. 2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று விதி தளர்ந்திருந்தது, முன்பு அது 120. ஆனால் 2023இல் அவரோடு அட்மிஷன் வாங்கிய தோழி அந்த நேரத்தில் படிப்பை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அந்த இரண்டு வருடத்துக்கு ஈடு எதுவும் இல்லை, அதை மறைக்கக் கூடாது.

2025 செப்டம்பர் கடைசியில் கிளம்பினார். டிசம்பரில் அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். அக்காவிடம் சொல்லாதே என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டார். எதையும் அன்றன்றே சொல்லிவிடுவது என்று கிளம்பும் முன் பேசிவைத்திருந்ததால், தம்பி அன்று மாலையே சொல்லிவிட்டான். மாணவி மருத்துவரிடம் நேரடியாகப் பேசினார், வரத் தேவையில்லை என்றார் மருத்துவர். அவர் வரவில்லை. கிரியாட்டினின் 1.4இல் நின்றது.

இனி மாற வேண்டியவை

இரண்டாவது தள்ளிவைப்பு பற்றி எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அது தேவைதான் என்று நான் சொல்கிறேன். ஒத்திகையை 2023 டயாலிசிஸ் காலத்திலேயே தொடங்கியிருந்தால் தம்பியும் அம்மாவும் முன்னாலேயே தயாராகி, 2024இல் ஒரு மாதம் தாமதமாகவாவது போயிருக்கலாம் என்கிறார் மாணவி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இப்போது வீட்டுக் காரணம் சொல்லி வரும் மாணவர்களிடம் ஒத்திகையைத்தான் முதலில் பேசுகிறேன்.

உறவுச் சான்றுகளைத் தானம் தருபவர் முடிவாகும்வரை காத்திருக்காமல், டயாலிசிஸ் தொடங்கிய வாரமே எடுத்து வைத்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும். பெயர் எழுத்து மாறியிருப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள சங்கதி. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் குடும்பங்கள், பெற்றோர் இருவரும் முழு உடல் பரிசோதனை செய்து, முடிவைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டே விண்ணப்பிக்கச் சொல்லலாம். நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, அட்மிஷனைத் தள்ளிவைக்க விடுவார்களா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அந்தத் தாளில் அத்தை இல்லை. சிறுநீரகம் கொடுத்தவருக்கும் வருடந்தோறும் இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை தேவை. முதல் வருடம் அதை யாரும் செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை. மாணவி ஜெர்மனியிலிருந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. இப்போது அப்பாவின் பரிசோதனைக்குத் தம்பி மதுரைக்குப் போகும்போது, வருடத்துக்கு ஒருமுறை அத்தையையும் கூட்டிப்போகிறான். அந்தச் செலவு மாணவியின் பகுதிநேர வேலைச் சம்பளத்திலிருந்து வருகிறது.